காசில்லா விடுமுறைகளின் கணக்கு

இலங்கைப் பாடசாலை ஆண்டு மூன்று தவணைகளைக் கொண்டது. சித்திரையில் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை எனப் பாடசாலைக் கதவுகள் அடைக்கப்படுவது நீண்டகால வழக்கம். ஒவ்வொரு தடவையும் பெற்றோரிடையே இரண்டு கேள்விகள் எழுகின்றன. பிள்ளைகளை இத்தனை நாட்களும் வீட்டில் வைத்து என்ன செய்வது என்பது ஒன்று. அதற்கு எவ்வளவு செலவாகும் என்பது மற்றையது.

இந்த இரண்டாவது கேள்வி எமது சமூகத்துக்குப் புதியது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் யாராவது இதைக் கேட்டிருந்தால் அதன் பொருளே விளங்கியிராது. இதற்கு இன்று மூத்தோர் கூறும் விளக்கம் ஒன்றுண்டு. அந்தக் காலத்துப் பிள்ளைகள் கிடைத்ததைக் கொண்டு மகிழ்ந்தார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தாலும் போதாது என்பதே அது. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் தவறாது கேட்கக்கூடிய இந்த விளக்கம் வரலாற்றோடு பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளின் இயல்பு அப்படியேதான் இருக்கின்றது. அவர்களுடைய விடுமுறையின் செலவை முன்னர் ஊரும் பருவமும் பொது நிறுவனங்களும் பங்கிட்டு ஏற்றிருந்தன. அந்தப் பங்காளிகள் ஒவ்வொருவராக விலகிய பின்னரே முழுச் செலவும் வீட்டின் தலையில் விழுந்தது. அந்தக் கணக்கேட்டைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

விடுமுறை வந்த வழி

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் தவணை விடுமுறை என்று ஒன்று இருக்கவில்லை. அட்டமி, அமாவாசை, பூரணை ஆகிய திதிகளில் பாடம் நடைபெறாது. அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் வயலுக்குப் போய்விடுவர். இன்று நாம் அறிந்த தவணை ஒழுங்கு ஆங்கில ஆட்சியோடும் மிஷன் பாடசாலைகளோடும் வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளின் தொகை பெருகியது. பாடசாலை பொதுவானதாகியபோது விடுமுறையும் பொதுவானதாகியது.

இடையில் நாட்காட்டியும் மாறிப் பார்த்தது. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையாக இருக்கவில்லை. அதற்குப் பதிலாகப் போயா நாட்களே வார விடுமுறைகளாக இருந்தன. சந்திரனைப் பார்த்து விடுமுறை கணித்த திண்ணைப் பள்ளியின் முறைமை ஐந்து ஆண்டுகளுக்கு நாடு முழுவதற்கும் திரும்பி வந்தது போன்ற ஒரு விசித்திரம் அது.

அக்காலப் பிள்ளைகளின் விடுமுறை மகிழ்ச்சி எத்தகையது என்பதற்கு இலக்கியச் சான்று தேடுபவர்கள் நவாலியூர் சோமசுந்தரப் புலவரிடம் செல்லவேண்டும். 1878 முதல் 1953 வரை வாழ்ந்த அப்புலவர் ஆடிப்பிறப்பைப் பற்றிப் பாடிய பாட்டு ஈழத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பல தலைமுறையாக மனனம் செய்தது. உலகின் எந்த மூலையில் வாழும் யாழ்ப்பாணத்தவரும் அதன் முதல் அடியை இன்னும் மறந்திருக்கமாட்டார். அந்தப் பாட்டு ஒரு விடுமுறை அறிவித்தலோடு ஆரம்பமாகின்றது என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மகிழ்ச்சி முழுவதும் அடுப்படியைச் சுற்றிச் சுழல்கின்றது. வறுப்பதும் இடிப்பதும் துருவுவதும் பிடிப்பதும் அவிப்பதும் பிள்ளைகளின் கண்முன்னே நிகழ்கின்றன. சமையல் வேலையே அன்றைய வேடிக்கை. உண்பது அதன் முடிவு மாத்திரமே.

பருவம் கொடுத்த பண்டங்கள்

மூன்று விடுமுறைகளுக்கும் மூன்று பருவங்கள் துணை நின்றன. சித்திரை விடுமுறை புத்தாண்டோடு வரும். பெரியவர்கள் கொடுக்கும் கைவிசேஷம் பிள்ளைகளின் கையில் புரளும் அபூர்வமான காசு. மற்றையவை காசுக்கு அப்பாற்பட்டவை. மரக்கிளையில் கட்டிய ஊஞ்சல், போர்த்தேங்காய் அடித்தல், வண்டிற் சவாரி பார்க்கச் செல்லல் என நாட்கள் கழியும். மாசியோடு பெரும்போக அறுவடை முடிந்துவிடுவதால் வயல்கள் காய்ந்து வெளியாகக் கிடக்கும். அந்த வெளிகளே விளையாட்டு மைதானங்கள். தென்னைமட்டையைச் சீவினால் துடுப்பு. பழைய சைக்கிள் ரியூப்பை வளையங்களாக வெட்டிக் கந்தல் துணியின்மீது இறுக்கினால் பந்து. வயல் யாருடையது என்று எவரும் விசாரித்ததில்லை. மழை தொடங்கி விதைப்பு ஆரம்பிக்கும் வரை அது ஊரின் வெளி.

நுங்குக் காலம் வைகாசியில் தொடங்கி ஆடிவரை நீடிக்கும். குடித்து எறிந்த நுங்குக் கோம்பைகள் இரண்டை ஒரு தடியில் கோத்து, கவர்த்தடி ஒன்றினால் தள்ளிச் சென்றால் வண்டி. பூவரசம் இலையைச் சுருட்டினால் குழல். பனையோலையை மடித்து முள்ளில் குத்தினால் காற்றாடி. ஆகஸ்ட் விடுமுறையில் பனம்பழம் விழத் தொடங்கும். விடியுமுன் எழுந்து பனங்கூடலுக்கு ஓடுவதில் பிள்ளைகளிடையே பெரும் போட்டி நிலவும். பழத்தைச் சூப்பிய பின்னர் விதைகள் பாத்தியில் அடுக்கப்படும். அந்தப் பாத்தியைக் கிண்டிக் கிழங்கெடுப்பது மார்கழி, தை மாதங்களில். ஒரு விடுமுறையில் புதைத்ததை மறு விடுமுறையில் தோண்டி எடுப்பது போன்ற பொறுமைப் பயிற்சியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆடி, ஆவணிக் காலத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 25 நாள் மகோற்சவம் நடைபெறும். சிறிய ஊர்களின் கோயில்களுக்கும் தனித்தனியே திருவிழாக்கள் உண்டு. ஒரு சரை கச்சானும் ஓர் அம்மம்மாக் குழலும் வாங்குவதற்கான சில்லறை இருந்தால் போதும். மேளக் கச்சேரி, சின்ன மேளம், கூத்து, சப்பறம் ஆகிய யாவும் உபயகாரரின் செலவு.

டிசம்பரில் வாடைக்காற்று எழும். பட்டக் காலம் அது. மூங்கிலும் ஈர்க்கும் நூலும் கோதுமை மாப் பசையும் தாளும் சேர்ந்தால் கொக்கு, பிராந்து, வௌவால், எட்டுமூலை எனப் பலவகைப் பட்டங்கள் உருவாகும். விண் கட்டிய பட்டம் இரவிரவாக வானத்தில் கூவும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் நாளில் ஆண்டுதோறும் நடைபெறும் பட்டப் போட்டி இன்று உலகெங்கும் அறியப்பட்டுள்ளது. அதன் வேர் பிள்ளைகளின் இந்த மார்கழி விளையாட்டில் இருக்கின்றது. பட்டத்துக்குரிய வண்ணத் தாள் வாங்க வசதியற்ற பிள்ளைகள் பழைய பத்திரிகைத் தாளைப் பயன்படுத்தினர். நாம் இரவு விழித்து அச்சேற்றிய தலைப்புச் செய்திகள் மறுவாரமே வாடைக்காற்றில் ஆடியதைக் கண்டு மகிழாத பத்திரிகையாளர் யாழ்ப்பாணத்தில் இருந்திருக்கமாட்டார்.

ஊர் கொடுத்தவை

பருவத்துக்கு அடுத்தபடியாகக் கணக்கில் வரவேண்டியவை பொது நிறுவனங்கள். வடபகுதியில் சனசமூக நிலையமோ வாசிகசாலையோ இல்லாத கிராமத்தைக் காண்பது அரிது. ஊரார் சேர்த்த பணத்தில் எழுந்த சிறு கட்டடம், இரண்டு வாங்குகள், மேசைமீது அன்றைய வீரகேசரி, தினகரன், ஈழநாடு. பெரியவர்கள் அரசியல் பக்கத்தை வாசித்து முடிக்கும்வரை சிறுவர் பகுதிக்காகப் பிள்ளைகள் காத்து நிற்பர். தம் பெயர் அச்சில் வருவதைக் காணும் ஆவலில் கதையும் கட்டுரையும் எழுதி அனுப்பிய சிறுவர்களில் சிலர் பின்னாளில் எமது துறைக்கே வந்து சேர்ந்தனர்.

1947 ஜூலையில் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய அம்புலிமாமா இங்கும் விரும்பி வாசிக்கப்பட்டது. ஒருவர் வாங்கிய பிரதி பல வீடுகளுக்குச் சென்று அட்டையிழந்து திரும்பும். யாழ்ப்பாணத்துக் குரும்பசிட்டியிலிருந்து மு. க. சுப்பிரமணியம் வெற்றிமணி என்ற சிறுவர் சஞ்சிகையை நடத்தினார். ஒரு கிராமம் பிள்ளைகளுக்கென ஒரு சஞ்சிகையைத் தாங்கி நின்றது சாதாரண விடயமன்று.

நகரத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் இருந்தது. க. மு. செல்லப்பா 1933ஆம் ஆண்டில் தம்மிடமிருந்த நூல்களைக் கொண்டு ஆரம்பித்த முயற்சி, 1959ஆம் ஆண்டில் எழிலார்ந்த கட்டடமாக உயர்ந்தது. அதன் சிறுவர் பகுதி விடுமுறை நாட்களில் நிரம்பி வழியும். வானொலியும் தன் பங்கைச் செலுத்தியது. இலங்கை வானொலியின் சிறுவர் மலர் நிகழ்ச்சி ஒலிக்கும் நேரத்தில், பெட்டி உள்ள வீட்டின் விறாந்தை பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகளால் நிறைந்திருக்கும். வானொலிக்கு அனுமதிப்பத்திரக் கட்டணம் செலுத்தப்பட்ட காலம் அது. ஒரு வீட்டார் செலுத்திய கட்டணத்தில் அயலே கேட்டது.

எல்லோருக்கும் திறக்காத வீதி

இவ்வளவையும் கூறிவிட்டு இங்கேயே நிறுத்தினால் இது வெறும் ஏக்கப் புலம்பலாகிவிடும். ஊரின் பொதுவெளி எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை என்பதையும் இந்தக் கணக்கேட்டில் எழுதவேண்டும். ஒரே வகுப்பில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளை வாங்கில் அமர்த்துவதற்கே 1930ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்தவேண்டியிருந்தது. திருவிழாவின் கச்சானும் குழலும் மேளமும் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு எப்படி இனித்திருக்கும்?

பெண் பிள்ளைகளின் விடுமுறையும் வேறானது. கொக்கானும் சோகியும் எட்டுக்கோடும் அவர்களுக்கு வாய்த்தன. பருவமெய்தியதும் வளவுக்குள் சுருங்கிய அவர்களுடைய உலகில் விடுமுறை என்பது அம்மாவின் வேலையில் பாதி. தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை துலா மிதித்தது, புகையிலைக்குத் தண்ணீர் மாறியது. கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளை வலையிலிருந்து மீன் தெரிந்தது. மலையகத்துத் தோட்டங்களில் பிள்ளைகள் சிறுவயதிலேயே பேர் பதிந்து கொழுந்தெடுக்கச் சென்றனர். மலிவான விடுமுறைகளின் செலவை இவர்களில் பலர் தம் உழைப்பினால் கட்டினர்.

பங்காளிகள் விலகிய வரலாறு

1981 மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களின் இரவுகளை யாழ்ப்பாணம் மறக்காது. சுமார் 97,000 நூல்களுடன் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அதே வன்முறையில் ஈழநாடு பத்திரிகைப் பணிமனையும் எரிந்தது. ஓலைச்சுவடிகளும் அரிய நூல்களும் அழிந்தமை பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. ஆகஸ்ட் விடுமுறைக்கு இரண்டு மாதங்கள் இருக்கையில் பிள்ளைகளின் வாசிப்பு அறையும் சேர்ந்து எரிந்தது என்பதை எவரும் தனியாக எழுதியதாக நினைவில்லை.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. வலிகாமம் வடக்கின் மக்கள் தம் கிராமங்களை விட்டு வெளியேற நேர்ந்தது. வெற்றிமணி வெளிவந்த குரும்பசிட்டியும் அவற்றுள் ஒன்று. வயல்களும் கோயில் வீதிகளும் வாசிகசாலைகளும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கின. 2009ஆம் ஆண்டின் பின்னர் காணிகள் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் தம் பெற்றோர் விளையாடிய வெளியைக் காணாமலே வளர்ந்தனர்.

குடாநாட்டின் எஞ்சிய பகுதிகளில் மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் தடை. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் திரியும் இட்ட விளக்கில் பிள்ளைகள் படித்தனர். அந்த நாட்களிலும் விடுமுறை வந்தது, பொழுதுபோக்கும் இருந்தது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டனர். பீபீசி தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் முடியும்வரை சுற்றிக் கொடுத்த பிள்ளைக்குக் கூலியாக இரண்டு பாட்டுகள் கேட்கக் கிடைக்கும். பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சான காலம் அது. பட்டம் கட்டவும் தாள் கிடைக்கவில்லை.

வறுமையிலும் முற்றுகையிலும் பிள்ளைகள் விளையாட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் எதை விளையாடினார்கள் என்பதையும் நோக்கவேண்டும். பதுங்கு குழி அவர்களின் விளையாட்டு வீடாயிற்று. இராணுவமும் இயக்கமும் அவர்களின் விளையாட்டுப் பாத்திரங்களாயின. வெடித்த ஷெல்லின் துண்டுகள் சேகரிப்புப் பொருள்களாயின. வயல்வெளியில் மண்டையோட்டுப் படத்துடன் மிதிவெடி அறிவித்தல் நட்டபின்னர், பந்தைத் துரத்திக்கொண்டு ஓடக்கூடாது என்பதைப் பாடசாலைகளில் கற்பிக்கவேண்டிய நிலை வந்தது. யாரும் உரிமை விசாரிக்காத வெளி, உயிரை விலையாகக் கேட்கும் வெளியாகியது. வன்னியில் 2009ஆம் ஆண்டின் பின்னர் கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகள் நீடித்தது.

நேரமும் விலையாகியது

யுத்தம் மாத்திரமே இதற்குக் காரணம் என்று கூறிவிடவும் முடியாது. 1970களின் ஆரம்பத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபின் தமிழ்ப் பெற்றோரிடையே பரீட்சைப் பயம் பன்மடங்கானது. தனியார் கல்வி நிலையங்கள் பெருகின. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நீண்டகாலம் ஆகஸ்ட் மாதத்தில் நடைபெற்று வந்தமையால் பத்து வயதுப் பிள்ளையின் ஆகஸ்ட் விடுமுறை முழுவதும் அதற்கே பலியானது. இன்று விடுமுறை விடப்படும்போது பாடசாலை மூடப்படுகின்றது, ரியூட்டரியில் விசேட வகுப்பு திறக்கப்படுகின்றது. முன்னர் பிள்ளையிடம் காசு இருக்கவில்லை, நேரம் நிறைய இருந்தது. இப்போது காசு செலவழித்து நேரத்தைப் பறிக்கின்றோம். களைத்து வரும் பிள்ளை கைத்தொலைபேசியைத் தேடுவதில் வியப்பில்லை. எஞ்சியிருக்கும் அரைமணி நேரத்தில் வேறெந்த விளையாட்டும் அடங்காது.

வேலிகளும் மாறின. கதியால் வேலியில் பிள்ளைகள் நுழையும் பொட்டு இருந்தது. மதிலில் பொட்டு இல்லை. தனித்தனி வளவுகளில் அடைபட்ட பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தோழரும் கிடைப்பதில்லை. கிளித்தட்டை ஒருவர் தனியாக விளையாட முடியாது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்தக் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் விரித்துக் காட்டியது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு அமுலானது. எரிபொருள் இன்றி ஜூன், ஜூலை மாதங்களில் பாடசாலைகள் மூடப்பட்டன. திரைகள் அணைந்தன, வகுப்புகள் நின்றன, காசுமில்லை. அப்போது திரும்பிப் பார்த்த பெற்றோருக்கு முன்னைய பங்காளிகளில் எவரையும் காணவில்லை. வெளி மதிலாகியிருந்தது. வாசிகசாலை பல ஊர்களில் பூட்டிக் கிடந்தது.

புலம்பெயர்ந்து வாழும் எமது வாசகர்களுக்கும் இதில் பங்குண்டு. இங்கிலாந்தில் கோடை விடுமுறை ஏறத்தாழ ஆறு வாரங்கள். இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பத்தில் அந்த ஆறு வாரங்களும் பெரும் செலவு. அம்மம்மாவோ அப்பப்பாவோ உடனிருக்கும் வீட்டார் அந்தப் பெறுமதியை நன்கு அறிவர். ஆகஸ்டில் நல்லூருக்குப் பிள்ளைகளை அழைத்து வருபவர்கள், தாம் விளையாடிய இடங்களைக் காட்டப் போய் மதில்களைக் காட்டித் திரும்புகின்றனர். ஊருக்கு உதவ விரும்பிக் கோயில் கோபுரத்துக்கு அவர்கள் அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கு வாசிகசாலைக்கும் விளையாட்டிடத்துக்கும் செல்லுமானால் அதன் பலன் அடுத்த தவணை விடுமுறையிலேயே தெரியும்.

செய்யவேண்டியவை பெரிய காரியங்களல்ல. விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பாடசாலை மைதானத்தை மாலை வேளைகளில் அயற்பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். பிரதேச சபை நூலகங்கள் விடுமுறைக் காலத்தில் சிறுவருக்கென நேரம் ஒதுக்கலாம். ஓலை பின்னவும் பட்டம் கட்டவும் தெரிந்த முதியவர்கள் இன்னும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர். அவர்களைச் சனசமூக நிலையத்துக்கு அழைத்துப் பிள்ளைகள் முன் அமர்த்தலாம். இம்முறை அந்தக் கதவு ஒடுக்கப்பட்டவர் வீட்டுப் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் சேர்த்தே திறக்கப்படவேண்டும். எஞ்சியுள்ள காணிகளை விடுவிக்கக் கோருபவர்கள், விவசாயம், வீடு என்ற காரணங்களோடு பிள்ளைகளின் விளையாட்டையும் ஒரு காரணமாக எழுதவேண்டும். பெற்றோர் செய்யவேண்டியது ஒன்றுதான். வரும் விடுமுறையில் ஒரு வாரத்துக்காவது விசேட வகுப்பை நிறுத்திப் பார்க்கட்டும். அதற்கு ஒரு சதமும் செலவாகாது.